நியூசிலாந்து மலைகளில் வரையாட்டு வேட்டை: வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

வேட்டைக்கு வெளிநாட்டுக்காரரை இவ்வளவு தாராளமாக அனுமதிக்கும் நாடுகள் குறைவு. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர உள்ளூர்த் தரைப் பாலூட்டி எதுவும் கிடையாது. மான், ஷாமோய் என்ற ஐரோப்பிய மலையாடு, வரையாடு எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. இமயமலை வரையாட்டை 1904-இல் மவுண்ட் குக் அடிவாரத்தில் விட்டார்கள். அதை அடித்துத் தின்ன அங்கே எந்த விலங்கும் இல்லை. பல்கிப் பெருகி, மலை உச்சிப் புல்வெளியை மேய்ந்து மொட்டையாக்கத் தொடங்கியது. 1993-இல் வந்த கட்டுப்பாட்டுத் திட்டம் மொத்த எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டாமல் இருக்க அரசே ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைக்கிறது. ஆகவே பொது நிலத்தில் இந்த ஆட்டுக்கு வேட்டைப் பருவம் என்று தனியாக இல்லை, இத்தனைதான் சுடலாம் என்ற கணக்கும் இல்லை, தலைக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இல்லை.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கு இது தூரத்து உறவு. இந்தியாவில் இரண்டுமே சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருப்பவை. இது ஊர் திரும்பும்போது நேரடியாக உங்களைப் பாதிக்கும் விஷயம். கடைசியில் அதற்கு வருவோம்.

முதலில் எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. சொந்த நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்து எது உங்களுக்கு என்பது பாதி தீர்ந்துவிடும்.

லைசென்ஸ் இல்லாதவர்கள், அதாவது இந்தியா, இலங்கை, சிங்கப்பூரிலிருந்து போகும் பெரும்பாலானோர், லைசென்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் சுடலாம். நியூசிலாந்து ஆயுதச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் ‘நேரடி’ என்றால் நேரடிதான். அவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்த நொடியிலும் துப்பாக்கியைத் தன் கைக்கு வாங்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வேறொரு துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது. ஆக்லாந்தில் இருக்கும் மைத்துனர் தன் ரைஃபிளைக் கொடுத்து, “நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போறேன்” என்று அனுப்பினால் இருவருமே சட்டத்தை மீறியவர்கள்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்கு, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்தக் கணக்கில் வருவார்கள், வருகையாளர் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கும். அது இருந்தால் கைடு இல்லாமலே பொது நிலத்தில் வேட்டையாடலாம்.

மூன்றாவது, கைடு வைத்துப் போவது. முதல் முறை போகிற எவருக்கும், லைசென்ஸ் இருந்தாலும்கூட, இதைத்தான் சொல்வோம். குறி பார்த்துச் சுடத் தெரிந்தால் மட்டும் இந்த மலையில் போதாது. எந்தச் சரிவில் இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கைடிடம் பேசும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆடு திறந்த மலையில் திரிவதா, வேலி போட்ட வேட்டைப் பண்ணையில் வளர்வதா? நடந்து போய்ச் சுடுவதா, ஹெலிகாப்டரில் தேடி ஆட்டின் அருகே இறக்கிவிடுவதா? பொது நிலம் என்றால், டி.ஓ.சி. என்று அங்கே எல்லாரும் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தொழில் அனுமதி வைத்திருக்கிறாரா? வேலிக்குள் சுடுவதும் ஹெலிகாப்டர் உதவியோடு சுடுவதும் அந்த நாட்டில் சட்டப்படி நடப்பவைதான். ஆனால் மலை வேட்டைக்கென்று இத்தனை தூரம் போகிறவர், எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

கைடுக்குத் தரும் பணம் நாள் வாடகை, ஆட்டுக்கான கட்டணம், ஹெலிகாப்டர், தோல் பதப்படுத்துதல் என்று தனித்தனியாக வரும். சொன்ன விலையில் 15 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். காயம்பட்டுத் தப்பிய ஆட்டுக்கும் முழுக் கட்டணம் என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வானிலை கெட்டு ஹெலிகாப்டர் பறக்காமல் போனால் யார் தலையில் செலவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மேற்குக் கரையில் இது சாதாரணமாக நடப்பது.

காகித வேலைகள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டுகளுக்கு இணையவழிப் பயண அனுமதி போதும். பெரும்பாலானோர் இதோடு 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

வருகையாளர் துப்பாக்கி லைசென்ஸுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு, சொந்த நாட்டின் நடப்பு லைசென்ஸ், வேட்டைக்குப் போகும் இடமும் தேதியும் கேட்பார்கள். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். சொந்த ரைஃபிள் கொண்டுபோனால் அதற்குத் தனியாக இறக்குமதி அனுமதியும் எடுக்க வேண்டும். இரண்டையும் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். லைசென்ஸில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கத்தால் ஒன்றில் ‘கே. முருகன்’ என்றும் இன்னொன்றில் முழுப் பெயரும் இருந்தால் அங்கேயே இழுபறி தொடங்கும்.

2019 கிரைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெரிய ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்டன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட் இழுக்கும் ரைஃபிள்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் பூட்டிய கெட்டிப் பெட்டியில், போல்ட்டைக் கழற்றி வைத்து, செக்-இன் மேசையிலேயே சொல்லிவிடுங்கள். தோட்டா ஒரு பயணிக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது. தொழிற்சாலைப் பெட்டியிலேயே இருக்கட்டும். பலரும் கோட்டைவிடுவது இடையில் விமானம் மாறும் நாட்டில்தான். சிங்கப்பூர் வழியாகத் துப்பாக்கி கடந்துபோவதற்கே அந்நாட்டுக் காவல்துறையின் அனுமதி வேண்டும். விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒரே ஒரு ஆட்டுக்காகப் போகிறவர் இந்தத் தொல்லையெல்லாம் படாமல் கைடின் ரைஃபிளையே இரவல் வாங்கிச் சுடுவது மேல்.

பொது நிலத்தில் வேட்டையாட டி.ஓ.சி.யின் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எந்தப் பகுதி, எந்தத் தேதி, நாய் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். வேட்டையின்போது அது உங்களிடம் இருக்க வேண்டும். இரவில் விளக்கடித்து வேட்டையாடுவது பொது நிலத்தில் தடை. ஹூக்கர்-லாண்ட்ஸ்பரோ, ஆடம்ஸ் என்ற இரு வனாந்தரப் பகுதிகளில் பொதுவாக ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் குலுக்கலில் பெயர் வந்த குழுக்களை இறக்கிவிட அனுமதிப்பார்கள். பண்ணை நிலத்தில், அது அரசு குத்தகை நிலமாக இருந்தாலும், பண்ணைக்காரரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

விமான நிலையத்தில் இறங்கியதும் பூட்ஸ், கூடாரம், முதுகுப்பை எல்லாவற்றையும் பயன்படுத்திய பொருட்கள் என்று படிவத்தில் காட்டுங்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பூட்ஸ் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனால் சோதனை சீக்கிரம் முடியும்.

எப்போது, எங்கே

தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். கிடாக்கள் இணைசேரும் காலம் மே முதல் ஜூலை வரை. கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கும் பிடரிமயிர் அப்போது முழுசாக இருக்கும். பெட்டைகளைத் தேடி அலைவதால் கிடா பகலிலும் கண்ணில் படும். ஆனால் ஜூனில் பகல் 9 மணி நேரம்தான், பனியும் உண்டு. கிடாவின் அழகு முக்கியமில்லை, மலையும் இறைச்சியும் போதும் என்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் எவ்வளவோ சுகம்.

தென் தீவின் நடு ஆல்ப்ஸ்தான் இதன் வாழிடம். கிழக்குப் பக்கம் ரங்கிடாட்டா ஆற்றின் தலைப்பகுதி, டெக்கப்போ, ட்வைசல் சுற்றுவட்டாரம் வறண்டது. நடந்து ஏறலாம், வெகுதூரம் கண்ணுக்கு எட்டும். மேற்கே ஃபாக்ஸ் பனியாறு முதல் ஹாஸ்ட் வரை மழைக்காடும் புதரும் செங்குத்துப் பள்ளத்தாக்கும். ஹெலிகாப்டர் இல்லாமல் மேலே போவதே பெரும்பாடு. புதியவர் கிழக்கிலேயே தொடங்கட்டும்.

ரைஃபிளும் பூட்ஸும்

தோட்டா அளவு .270, 7மிமீ-08, .308 எதுவானாலும் போதும். நெடுந்தூரம் சுடலாம் என்று .300 மேக்னம் வாங்கி, அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிறவர்கள் உண்டு. பழகிய ரைஃபிளே நல்லது. சைலன்சர் அங்கே சட்டப்படி செல்லும், பெரும்பாலோர் வைத்திருப்பார்கள். 200 மீட்டருக்குக் குறி ஒழுங்கு செய்யுங்கள். விமானத்தில் வந்த ரைஃபிளையும் கைடு கொடுத்த ரைஃபிளையும் மலையேறுவதற்கு முன் மூன்று தோட்டா சுட்டுச் சரிபார்க்காமல் கொண்டுபோகக் கூடாது.

செங்குத்துச் சரிவில் தூரமானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்தால் தோட்டா ஆட்டின் முதுகுக்கு மேலே போகும். தோட்டாவின் இறக்கத்துக்குக் கணக்கு கிடைமட்டத் தூரம்தான். 300 மீட்டரில் இருக்கும் ஆட்டை 30 பாகை கீழ்நோக்கிச் சுட்டால் 260 மீட்டருக்கான குறி வைக்க வேண்டும்; 45 பாகை என்றால் 212 மீட்டர். மேல்நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குதான். கோணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும் தூரமானிகள் கிடைக்கின்றன. வாங்கினால் அதையே வாங்குங்கள்.

செலவு செய்வதானால் ரைஃபிளைவிடப் பூட்ஸில் செய்யுங்கள். அடிப்பாகம் வளையாத, கணுக்காலைப் பிடிக்கும் மலைப் பூட்ஸ் வேண்டும். வாங்கியதும் ஊரிலேயே சுமையோடு நடந்து பழக்குங்கள். குளிர்காலத்தில் பூட்ஸில் மாட்டும் பனி முட்களும் பனிக்கோடரியும் வேண்டும். பயன்படுத்தப் பழகாமல் இரண்டும் வெறும் சுமை. பைனாகுலர் 10×42 நல்லதாக ஒன்று.

தேடுவதும் நெருங்குவதும்

நமக்குப் பழகாத ஒன்று: அங்கே சூரியன் வடக்கு வானில் போகும். வெயில் விழும் சரிவு வடக்குப் பார்த்தது. குளிர்காலக் காலையில் ஆடுகள் அங்கேதான் வெயில் காயும். விடிந்ததும் எதிர்மலையில் உட்கார்ந்து, சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்து மெதுவாகப் பாருங்கள். முழு ஆட்டைத் தேடாதீர்கள். பாறையில் கருப்பாக ஒரு திட்டு, அதன் ஓரத்தில் வைக்கோல் நிறத்தில் மயிர் காற்றில் அசைவது, இதுதான் முதலில் தெரியும். நண்பகலில் கிடாக்கள் பாறை இடுக்குகளில் படுத்துவிடும். மாலையில் மறுபடி புல்லுக்கு இறங்கும்.

வரையாடு ஆபத்தைக் கீழிருந்தே எதிர்பார்க்கும். எனவே மேலிருந்து நெருங்குவது நல்லது. ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். விடியலில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும். அப்போது மேலே நின்றால் உங்கள் வாடை நேராக ஆட்டின் மூக்குக்குப் போகும். சரிவில் வெயில் விழுந்து சூடேறியதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அதன் பிறகுதான் மேலே வரலாம். காலையில் பக்கவாட்டில் ஏறி, வெயில் விழுந்து அரைமணி கழித்து மேலே சேரும்படி திட்டமிடுங்கள். கொஞ்சம் முகப்பவுடரைத் தட்டிவிட்டுப் பார்த்தால் காற்று எங்கே போகிறதென்று தெரிந்துவிடும்.

எந்த ஆடு, எந்த இடத்தில்

கொம்பின் பக்கவாட்டில் ஆண்டு வளையங்கள் தெரியும். எண்ணினால் வயது வரும். ஏழு எட்டு வயதுக்கு மேற்பட்ட கிடாவையே எடுப்பது அங்குள்ள நல்ல வேட்டைக்காரர்களின் வழக்கம். 12 அங்குலக் கொம்பு நல்லது, 13 மிக நல்லது. அங்குலத்தைவிட வயதைப் பாருங்கள். இளம் கிடாவைச் சுட்டு அளவுநாடாவைப் பிடித்து வருந்துவதில் பயனில்லை. கூடவே ஒரு பெட்டையையும் எடுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பது பெட்டையைச் சுடுவதுதான்; டி.ஓ.சி. வேட்டைக்காரர்களிடம் கேட்பதும் அதைத்தான். இணைசேரும் காலத்துக் கிடாவின் இறைச்சி மூத்திர வாடை வீசும். சமையலுக்குப் பெட்டைதான்.

விசையை இழுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரே கேள்வி: அது விழும் இடத்துக்கு நடந்து போய், திரும்பி வர முடியுமா? இந்த ஆடு அடிபட்டதும் பள்ளத்தின் விளிம்பை நோக்கித்தான் ஓடும். இதயத்தில் பட்டாலும் சில அடி ஓடி விளிம்பைத் தாண்டிவிடும். பிறகு அது முந்நூறு மீட்டர் உருண்டு, கொம்பு உடைந்து, யாரும் இறங்க முடியாத இடுக்கில் கிடக்கும். ஒரு உயிரை வீணாக்கியது மட்டுமே மிச்சம். எனவே விளிம்பில் நிற்கும் கிடாவை, எவ்வளவு பெரியதானாலும், சுடாதீர்கள். மேய்ந்துகொண்டே சமதளமான இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். வந்ததும் இரு தோள்களையும் உடைக்கும்படி குறி வையுங்கள், அங்கேயே உட்கார்ந்துவிடும். அசைவு நிற்கும்வரை அடுத்த தோட்டா ஏற்றியபடி ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். இருட்டும் முன் ஆட்டை அடைந்து, வெட்டி, கூடாரம் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் கையில் இல்லையென்றால் அன்றைக்குச் சுடவே வேண்டாம்.

அசைவைப் பார்த்துச் சுடாதீர்கள். அந்த நாட்டில் வேட்டைக்காரர் வேட்டைக்காரரைச் சுட்ட சம்பவங்களில் இறந்தவர் பெரும்பாலும் உடன் வந்தவரே. தலை, கழுத்து, தோள் மூன்றும் தெளிவாகத் தெரிந்து, பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகே விரல் விசைக்குப் போகட்டும்.

தோலும் இறைச்சியும்

தலையை மாட்டிவைக்க எண்ணம் இருந்தால் தொண்டையை அறுக்காதீர்கள், தைத்தாலும் தெரியும். பாறையில் இழுக்கவும் வேண்டாம், மயிர் தேய்ந்து வழுக்கையாகிவிடும். முன்கால்களுக்கு ஓரடி பின்னால் உடலைச் சுற்றி வெட்டி, அங்கிருந்து பிடரியின் மேல்நடுவே தலைவரை ஒரே கோடாகக் கீறி உரியுங்கள். தோலைக் குறைவாக எடுத்தது பிற்பாடு சரிசெய்ய முடியாத தப்பு. அதிகமாக எடுத்தால் வெட்டிக்கொள்ளலாம்.

உரித்ததும் விரித்துக் குளிரவிடுங்கள். சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே சூடு தங்கி மயிர் உதிரும். அன்றே அல்லது மறுநாள் உப்பு போட வேண்டும்: காதைத் திருப்பி, உதட்டைப் பிளந்து, சதையைச் சுரண்டிவிட்டு, தோல் எடைக்கு எடை தூள் உப்பு. கல் உப்பு உள்ளே இறங்காது. ஒருநாள் நீர் வடியவிட்டு, பழைய உப்பை உதறி, மறுபடி போடுங்கள்.

இறைச்சி எடுக்கும் முன், அந்தப் பகுதியில் 1080 போன்ற விஷம் வைத்திருக்கிறார்களா என்று டி.ஓ.சி.யின் விஷ அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கைக் காலம் முடியாத இடத்தில் சுட்டதைத் தின்னக் கூடாது. பொழுதுபோக்கு வேட்டையில் கிடைத்த இறைச்சியை விற்பதும் பண்டமாற்றுவதும் சட்டவிரோதம். பெட்டையின் தொடைக்கறியை மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டு, குறைந்த தீயில் நெடுநேரம் வேகவைத்தால் நன்றாக இருக்கும். வீட்டு ஆட்டுக்கறியைவிட வேக அதிக நேரம் பிடிக்கும்.

உயிரைக் காப்பது

துப்பாக்கியைவிட ஆறுதான் அங்கே அதிகம் அஞ்ச வேண்டியது. நீரோட்டம் உங்கள் நடைவேகத்தைவிட வேகமாக இருந்தால், நீர் கலங்கியிருந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்காதீர்கள். உட்கார்ந்து காத்திருங்கள், மழை நின்றதும் மலையாறு வேகமாக வடியும். ஒருநாள் சாப்பாடு கூடுதலாக வைத்திருப்பது இதற்குத்தான். பனிக்காலத்தில் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் பனி சரிந்து விழும், ஆடு நிற்பதும் அங்கேதான். பனிச்சரிவு எச்சரிக்கையையும் மலை வானிலையையும் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பாருங்கள்.

கைபேசி மலையில் எடுக்காது. இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்குச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனை வாடகைக்கு எடுத்து, பையில் வைக்காமல் உடம்பில் மாட்டுங்கள். ஆற்றில் பை போனாலும் அது இருக்கும். எங்கே போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் என்று ஊரிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். விபத்துக் காயத்துக்கு அந்நாட்டின் ஏ.சி.சி. திட்டம் வருகையாளருக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவு அதில் வராது. பயணக் காப்பீட்டில் வேட்டையும் மலையேற்றமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலையில் தங்கும் குடிசைக்குள் நுழையும் முன் துப்பாக்கியைக் காலிசெய்து போல்ட்டைக் கழற்றுங்கள். பூட்ஸை வெளியே விடாதீர்கள், கியா என்ற மலைக்கிளி கொத்திக் கிழித்துவிடும்.

கொம்பைக் கொண்டுவரலாமா

ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டனில் இருப்பவர்கள் பதப்படுத்துபவர் மூலமாக அனுப்பலாம். அந்தந்த நாட்டின் உயிரியல் பாதுகாப்பு விதி வேறு, முன்பே கேட்க வேண்டும். பதப்படுத்தி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். இந்தியாவுக்கு வேண்டவே வேண்டாம். இமயமலை வரையாடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. கொம்பு நியூசிலாந்தில் சுட்டது என்று சென்னை விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகாதீர்கள். கொம்பின் வளையங்கள் தெரியும்படி பக்கவாட்டில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, கொம்பைக் கைடிடமோ அங்குள்ள உறவினர் வீட்டிலோ விட்டுவிட்டு வாருங்கள்.